தறிக்குழி இல்லாத வீடு

காஞ்சிபுரத்தில் ஒரு வீடு நெசவாளர் வீடா இல்லையா என்று தெரிந்துகொள்ளத் தரையைப் பார்த்தால் போதும். கூடத்தில் ஒரு குழி இருக்கும். அதன் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டு, மிதியை மிதித்தபடி நெய்ய வேண்டும். மண்ணின் ஈரம் பட்டிழையை இளக்கமாக வைத்திருக்கும். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி ஏற உயரம் வேண்டும் என்பதால் கூரையும் அதற்கேற்ப எழும்பும். சுருக்கமாகச் சொன்னால், முதலில் தறிக்கு இடம் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் மனிதர்கள் படுத்துக்கொள்ளும் வீடுகள் அவை.

பிள்ளையார்பாளையத்தில் அப்படி ஒரு வீட்டில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியைக் குழித்தறியில் கழித்துவிட்டு, இப்போது நகரின் விளிம்பில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் மகனோடு வசிக்கிறவர் அவர். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பழைய தெருவில் 'பட்டுக்கார ஐயா'. குடியிருப்புப் பிள்ளைகளுக்குத் தாத்தா. மாலையில் கீழே கார் நிறுத்துமிடத்துச் சிமெண்ட் திண்ணையில் உட்கார்ந்தால் கிரிக்கெட்டில் ஆரம்பிப்பார், கூத்துக்குப் போவார், சினிமாவைத் தொட்டு, பல்லவர் காலத்துக்கு ஏறி, அசோசியேஷன் கூட்டத்தில் வந்து இறங்குவார். தொடர்பில்லாமல் பேசுகிறாரே என்று முதலில் தோன்றும். சில நாள் கேட்டால், ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறார் என்பது புரியும்: ஜனங்கள் சேர்ந்து உட்கார இடம் எங்கே இருக்கிறது?

ஏழெட்டு வயதில் அவரைத் தறியில் உட்கார வைத்தார்கள். காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வைதான். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேருமிடத்தில் இழையோடு இழை கோத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று நாடாக்கள் ஓடும்: உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. ஒரு கரையின் நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுக்கத் துணையாள் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்தத் துணையாள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். பிள்ளை இல்லாத வீட்டில் அடுத்த தெருப் பிள்ளை, முன்பணத்துக்காக அனுப்பப்பட்டது. அந்த வழக்கம் ஒழிந்தது நல்லது என்று அழுத்திச் சொல்கிறார். "எங்க அப்பா அடிச்சதில்ல. ஆனா மத்தியானம் வெளிய பசங்க கத்துற சத்தம் கேக்கும் பாருங்க, அதுதான் அடி."

அந்தச் சத்தம் சடுகுடுச் சத்தம். பாலாற்றில் தண்ணீர் வருவது அபூர்வம். மணல் எப்போதும் இருந்தது. விடுமுறை நாளில் அங்கே கோடு கிழித்து ஆடினார்கள். மணலில் விழுந்தால் அடிபடாது என்பதால் எவ்வளவு பெரிய ஆளையும் காலைப் பிடித்துச் சாய்க்கலாம். நாள் முழுக்கத் தறிமிதி மிதித்த கால்களில் வலு அதிகம் என்று நெசவாளர் பிள்ளைகளைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளப் போட்டி நடக்குமாம். 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி முதல்முறையாகப் பதக்க ஆட்டமாக இடம்பெற்று, இந்தியா தங்கம் வாங்கியபோது தெருவில் இனிப்பு கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். இன்றைய புரோ கபடியைத் தவறாமல் பார்க்கிறார். விரிப்பும் விளக்கும் முப்பது விநாடிக் கணக்கும் வந்த பிறகு ஆட்டம் கெட்டுவிட்டது என்று சொல்லும் கிழவர்களோடு அவர் சேர்வதில்லை. ஆட்டக்காரனுக்குச் சம்பளம் வருகிறது. அதைவிட என்ன வேண்டும் என்பது அவர் கட்சி.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைத் தலைவி கண்ணகி நகர் கார்த்திகா. அந்தச் செய்தியைப் பட்டுக்கார ஐயா குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். கண்ணகி நகர் என்றால் சென்னைக்காரர்களுக்குத் தெரியும்: நகரின் நடுவே கூவக் கரையிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்தவர்களை 2000-ஆம் ஆண்டிலிருந்து கொண்டுபோய்க் குடியமர்த்திய வாரியக் குடியிருப்பு. அந்தப் பெயரைச் சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்கியவர்கள் உண்டு. அந்தப் பெயரோடுதான் ஒரு பெண் தங்கத்தைக் கொண்டுவந்தாள். "அவங்களுக்குக் கட்டடத்துக்கு நடுவுல ஆட ஒரு துண்டு மண்ணு இருந்துச்சு. நம்ம இடத்துல இருக்கா?" என்று கேட்டார். பலகையைச் சுற்றி நின்றவர்கள் பதில் சொல்லவில்லை. அந்த மாதமே வெளிவந்த மாரி செல்வராஜின் 'பைசன்' படத்துக்கு மகனை அழைத்துக்கொண்டு போனார். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடியவரும் அர்ஜுனா விருது பெற்றவருமான மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவிய படம் அது. ஒரு பையன் ஆட்டக்காரன் ஆக வேண்டுமானால் அவன் ஊரே வழிவிட வேண்டியிருக்கிறது என்பதை அவ்வளவு தெளிவாக எடுத்துக்காட்டிய படம் வேறில்லை என்கிறார்.

கிரிக்கெட்டைப் பொறுத்தவரை அவர் பார்த்ததைவிடக் கேட்டதே அதிகம். தறிக்குழியின் ஓரத்தில் ஒரு டிரான்சிஸ்டர் இருக்கும். கை நாடாவைத் தள்ளும், காது வர்ணனையில் இருக்கும். 1986 செப்டம்பர் 22, சேப்பாக்கம், ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட், கடைசி நாள். இந்தியாவுக்கு இலக்கு 348. முதல் இன்னிங்ஸில் டீன் ஜோன்ஸ் சென்னை வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்துவிட்டு மருத்துவமனைக்குப் போன ஆட்டம். கடைசி ஓவரில் நான்கு ஓட்டம் வேண்டும், ஒரே ஒரு விக்கெட் பாக்கி. ரவி சாஸ்திரி இரண்டு எடுத்தார், பிறகு ஒன்று எடுத்தார், எண்ணிக்கை சமம். மணிந்தர் சிங் ஒரு பந்தைத் தடுத்தார். அடுத்த பந்தில் கிரெக் மேத்யூஸ் முறையிட, நடுவர் விரலைத் தூக்கினார். டெஸ்ட் வரலாற்றில் சமனில் முடிந்த இரண்டாவது ஆட்டம் அது. இன்றுவரை மூன்றாவது இல்லை. அந்த ஓவர் நடந்த நேரத்தில் தெருவில் ஒரு தறிச் சத்தமும் கேட்கவில்லை என்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனி வானொலி. ஆனால் மணிந்தர் ஆட்டமிழந்ததும் எல்லா வீட்டு ஆட்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அன்றைக்குக் கூலி குறைந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

தெரு என்பது அப்போது வேலைத்தலமும்கூட. விடியற்காலையில் பாவு நூலை நீளமாக நீட்டி, கஞ்சி போட்டு, இழை பிரித்துக் காய வைப்பார்கள். அந்த நேரத்தில் சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போவார்கள். யாரும் அதிகாரம் செய்து அப்படி நடக்கவில்லை. அது பழக்கம்.

கூத்துப் பேச்சு வந்துவிட்டால் அவர் திண்ணையிலிருந்து எழ மாட்டார். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் திரௌபதியம்மன் கோயில்கள் ஏராளம். பங்குனி தொடங்கி ஆடி வரை எங்காவது ஓர் ஊரில் பாரதம் நடந்துகொண்டிருக்கும். பகலில் பிரசங்கியார் பாரதக் கதை சொல்வார். இரவு பத்து மணிக்கு மேல் களரியில் மத்தளம் முழங்கும். பின்னால் பலகையில் வாத்தியக்காரர்கள்: மத்தளம், டோலக், ஆர்மோனியம், முகவீணை, தாளம். முதலில் கட்டியங்காரன் வந்து கூட்டத்தைச் சிரிக்க வைப்பான். அப்புறம் இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்கு மேலே கிரீடம் மட்டும் தெரியும். உள்ளேயிருந்து பாட்டு வரும். மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்புப்பதக்கம் எல்லாம் சேர்ந்து ஒரு சாதாரண மனிதரைத் துரியோதனன் ஆக்கும். 'கட்டைக்கூத்து' என்ற பெயரே அந்தக் கட்டைகளால் வந்ததுதான். திரை விலகும் நேரத்தில் தூங்கிய குழந்தையும் எழுந்து உட்கார்ந்துவிடும்.

வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், பகடை துயில், அர்ஜுனன் தபசு, கீசக வதம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று ஒவ்வோர் இரவுக்கும் ஒரு கதை. இவற்றில் அவரை அதிகம் ஆட்டியது பகடை துயில். திரௌபதியின் துகிலை உரிய வேண்டிய துச்சாதனன் வேடக்காரர், சேலையைத் தொடுவதற்கு முன் கூத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார். இது வேடம், என் கை செய்வதை மனதில் வைக்காதே என்று வேண்டிக்கொள்வார். களரியைச் சுற்றியிருக்கும் பெண்கள் அழுவார்கள். அழுகிறவர்களில் பாதிப் பேர் தறி வீட்டுப் பெண்கள். பகல் முழுக்கச் சேலை நெய்கிற சனம், இரவில் ஒரு பெண்ணின் சேலை இழுக்கப்படுவதைப் பார்க்கிறது. நான் நெய்வது வெறும் துணி இல்லை, ஒரு பெண்ணின் மானம் என்று அவருக்கு உறைத்தது அங்கேதான். யாரும் சொல்லித்தரவில்லை. இதைச் சொல்லும்போது அவர் குரல் இன்றும் கம்முகிறது.

அர்ஜுனன் தபசுக்கு உயர்ந்த கம்பம் நடுவார்கள். வேடக்காரர் பாடிப் பாடிப் படிப்படியாக ஏறுவார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வில்வமும் வீசுவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரப்புடவையோடு கீழே காத்திருப்பார்கள். கடைசி நாள் காலையில் படுகளம். தரையில் களிமண்ணால் செய்த பெரிய துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பீமன் வேடக்காரர் அவன் தொடையைப் பிளந்த பின் திரௌபதி கூந்தல் முடிப்பாள். மாலையில் தீமிதி. நாடகமும் வழிபாடும் எங்கே பிரிகின்றன என்று கேட்டால் அந்த ஊரில் யாரும் பதில் சொல்ல முடியாது.

மருமகன் வெளிநாட்டில் இருக்கிறார். ஒரு முறை விடுமுறைக்கு வந்தவர் தொலைக்காட்சியில் ஓபரா ஒன்றைப் போட்டுக் காட்டினார். ஜெர்மானிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னரின் 'நிபெலுங்கின் மோதிரம்'. தேவர்கள், சபிக்கப்பட்ட தங்கம், உடைந்த வாக்கு, கடைசியில் எல்லாம் எரிந்துபோவது. 1876 ஆகஸ்டில் பைராய்ட் நகரில் அதற்கென்றே கட்டிய அரங்கில் முழுமையாக அரங்கேறியது. நான்கு இரவுகள், ஏறக்குறைய 15 மணி நேரம். அவர் ஒரு பகுதியை உட்கார்ந்து பார்த்தார். பாஷை புரியவில்லை, ஆனால் மைக் இல்லாமல் அவ்வளவு வாத்தியங்களுக்கு மேல் ஒரு பெண் பாடுவதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் சிறுவயதில் கேட்ட கூத்துக்காரர்களும் மைக் இல்லாமல்தான் பாடினார்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்கு அப்பால் வயல்வெளிவரை கேட்கும். "அவங்களுக்கு நாலு ராத்திரி. நமக்குப் பத்து ராத்திரிக்கு மேல. ரெண்டும் தொண்டையால கட்டின கோயில்தான்," என்றார். மருமகன் அந்த வாக்கியத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.

ஆனால் ஒரு வேறுபாட்டை அவர் விடுவதாக இல்லை. ஐரோப்பாவில் ஓபராவுக்கு அரசும் நகராட்சியும் பணம் தருகின்றன. அரங்கம் இருக்கிறது, பாடகருக்கு மாதச் சம்பளம் இருக்கிறது. இங்கே தாம்பூலத்தில் முன்பணம் வைத்துக் கொடுக்கும் ஊர்ப் பெரியவர்களை நம்பித்தான் கூத்து நடக்கிறது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் அவருடைய மனைவி, நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஹன்னே டி புருய்னும் கட்டைக்கூத்துச் சங்கத்தை வளர்த்தார்கள். 2002-இல் குருகுலம் தொடங்கிப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பும் கூத்தும் சேர்த்தே கற்றுக்கொடுத்தார்கள். ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகள் கிரீடம் கட்டி ஆடினார்கள். குருகுலம் 2020-இல் மூடப்பட்டது. இந்த ஊரில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் நடந்த நல்ல காரியங்களில் அந்தக் குருகுலம் ஒன்று. மூடப்பட்டது இந்த மாவட்டத்துக்கே இழப்பு. இந்தக் கருத்தில் கட்டுரையாளருக்கும் அவருக்கும் வித்தியாசம் இல்லை.

நாடகத்துக்கும் காஞ்சிக்கும் உள்ள உறவு பழையது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' காஞ்சியின் தெருக்களிலேயே நடக்கிறது. குடிபோதையில் கபாலத்தைத் தொலைத்த ஒரு காபாலிகன், அவன் சந்தேகப்படும் ஒரு பௌத்தத் துறவி, உண்மையில் கபாலத்தைக் கவ்விக்கொண்டு ஓடிய நாய். நாட்டை ஆண்ட ராஜா தன் தலைநகரத்துத் தெருச்சண்டையை நாடகமாக எழுதினான் என்பதில் அவருக்குத் தீராத மகிழ்ச்சி.

இருபதாம் நூற்றாண்டிலும் ஊர் அப்படித்தான் இருந்தது. 1909-இல் காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, மேடைப்பேச்சுக்கு இணையாக நாடகத்தையும் நம்பினார். தாமே வேடம் கட்டினார். அவர் எழுதிய 'சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம்' நாடகத்தில் வி.சி. கணேசன் என்ற இளைஞர் சிவாஜியாக நடித்ததைப் பார்த்துப் பெரியார் கொடுத்த பெயர்தான் சிவாஜி கணேசன். 'வேலைக்காரி' நாடகம் 1949-இல் படமாக வந்தபோது அதன் வசனங்களைத் தறியில் உட்கார்ந்தே ஒப்பிப்பார்கள் என்று பட்டுக்கார ஐயா தம் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறார். தறி வீட்டில் வேலை நடந்துகொண்டே இருக்கும், கண் இழையில் இருக்கும். வாயும் காதும் ஓய்வாக இருப்பதால் பாட்டும் வசனமும் அரசியலும் அங்கே வேகமாகப் பரவின.

முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தபோது அதில் ஐம்பது பாடல்கள் வரை இருந்தன. சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு நாடகங்களில் ஊறிய கூட்டம் அதைக் கேட்கக் காத்திருந்தது. கூத்து, கம்பெனி நாடகம், சினிமாப் பாட்டு மூன்றும் ஒரே ஆற்றின் தண்ணீர் என்பது அவர் எண்ணம். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து எம்.ஜி.ஆர். படம் பார்த்ததற்கும் களரியைச் சுற்றிக் கோணி விரித்துக் கர்ண மோட்சம் பார்த்ததற்கும் தனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை என்கிறார்.

அவர் பெயரெடுத்துப் பேசும் ஒரே விருதுப் படம் பிரியதர்ஷன் இயக்கிய 'காஞ்சிவரம்'. 2007-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வானது. பிரகாஷ் ராஜுக்குச் சிறந்த நடிகர் விருது. மகளின் கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை தருவேன் என்று வாக்குக் கொடுத்த நெசவாளி, வேலை செய்யும் இடத்திலிருந்து இழைகளை வாய்க்குள் அடக்கித் திருடிவந்து இரவில் ரகசியமாக நெய்கிறான். படத்தைப் பார்த்த நாள் அவர் வீட்டில் யாரோடும் பேசவில்லை. முதலாளி பட்டையும் ஜரிகையையும் எடைபோட்டுத்தான் கொடுப்பார்; நெய்து கொண்டுவரும் சேலையையும் எடைபோட்டுத்தான் வாங்குவார். அந்தத் தராசின் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். சூரத்திலிருந்து வரும் ஜரிகையின் வெள்ளியும் தங்கமும் கையில் புழங்கும்; வீட்டுப் பெண்கள் பண்டிகைக்குக் கட்டுவது நூல் சேலையாக இருக்கும். அவர் மனைவியின் கல்யாணச் சேலை பட்டுதான். ஆனால் அது அவர் நெய்ததில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் தவணைக்கு வாங்கியது.

சங்கங்களைப் பற்றி அவர் மரியாதையோடு பேசுகிறார். காந்தி சாலையில் கடைபோட்டிருக்கும் கூட்டுறவுப் பட்டுச் சங்கங்கள் இல்லையென்றால் தறி எப்போதோ நின்றிருக்கும் என்பது அவர் கணிப்பு. 1950-களில் கைத்தறி தேங்கியபோது அண்ணாவும் தோழர்களும் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றதை அப்பா பார்த்திருக்கிறார். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவ்வளவும் இருந்தும், தறியை நிறுத்தியது வேறு ஒன்று. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. அடுத்தடுத்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் எங்கும் தொழிற்சாலைகள். விடியற்காலையில் பாவு நீட்டிய தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நின்றது. மாதம் பிறந்தால் சம்பளம், வைப்பு நிதி, சீருடை. சேலை முடிந்தால்தான் கூலி என்ற தொழிலில் மகனை உட்காரச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மகன் பஸ் ஏறினான். அந்தச் சம்பளத்தில் வாங்கிய கடனில்தான் இந்த மூன்றாம் மாடி வீடு. அவர் இதைக் குறையாகச் சொல்வதில்லை. "நான்தான் அனுப்பினேன்," என்கிறார்.

தறியைப் பிரித்து எடுத்து வந்தார்கள். மாடியில் குழி வெட்ட முடியாது. மேடைத்தறி போடலாம், ஆனால் ஜக்கார்டுக்கு உயரம் போதாது, பலகை அடிக்கும் அதிர்வு கீழ் வீட்டுக்குப் போகும். மரச்சட்டங்கள் விற்கப்பட்டன. அச்சையும் ஒரு நாடாவையும் மட்டும் வைத்திருக்கிறார். அடுக்குமாடி வாழ்வில் நல்லது எதுவும் இல்லை என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. தண்ணீர் குழாயில் வருகிறது; மழைக்காலத்தில் கூடத்தில் ஈரம் ஏறுவதில்லை; குழியில் கால் விட்டுவிட்டு மரத்துப்போன முழங்காலுக்கு லிப்ட் பெரிய உதவி. பழைய தெருவில் எந்தச் சாதி எந்த வரிசையில் குடியிருக்கலாம் என்று எழுதாத சட்டம் இருந்தது. இங்கே எதிர்வீட்டுக்காரர் யார் என்று கேட்டு யாரும் வீடு வாங்கவில்லை. அதை முன்னேற்றம் என்றே அவர் கருதுகிறார்.

2019-இல் அத்தி வரதர் வந்தபோது இந்தக் கட்டடம் ஒரு தெருவாகவே மாறியது. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுந்தருளும் பெருமாள் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் காட்சி தந்தார். ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்டில் நின்ற கோலம். ஒவ்வொரு வீட்டிலும் உறவினர்கள் நிரம்பினார்கள். மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தார்கள். யார் வீட்டுச் சோறு யார் தட்டில் என்று தெரியவில்லை. 1979-இல் வாலிபனாக இருந்தபோதும் அவர் வரதரைப் பார்த்திருக்கிறார். அப்போது தெருவாசிகள் செய்ததை 2019-இல் அடுக்குமாடிக்காரர்களும் செய்தார்கள். கட்டடம் தடையில்லை என்பதற்கு அவர் காட்டும் சாட்சி இது.

அந்த நம்பிக்கையில்தான் அசோசியேஷன் கூட்டத்தில் கேட்டார்: வருடத்துக்கு ஓர் இரவு, கார்களை வெளியே நிறுத்திவிட்டு, கீழ்த்தளத்தில் கூத்து நடத்தலாமா? சத்தம், தேர்வு, கார்களுக்கு இடம் என்று காரணங்கள் வந்தன. அவர் பத்திரத்தை எடுத்து வந்து காட்டினார். ஒவ்வொரு வீட்டோடும் நிலத்தில் ஒரு பிரிபடாத பாகம் எழுதப்பட்டிருக்கிறது. 1994-ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2022-ஆம் ஆண்டுச் சட்டமும், பொதுப்பகுதி எல்லாருக்கும் பொது என்றே சொல்கின்றன. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் கட்டடத்தையே இடித்துக் கட்ட புதிய சட்டம் வழிவிடுகிறது. ஒரு ராத்திரி பாய் விரிக்க முடியாதா என்று கேட்டார். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று முடித்துவிட்டார்கள்.

அவர் சும்மா இருக்கவில்லை. அடுத்த கோடையில் குடியிருப்புப் பிள்ளைகளைப் பெற்றோர் சம்மதத்தோடு வேனில் ஏற்றிப் பக்கத்துக் கிராமத்துத் திரௌபதியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். போகிற வழியில் வைகுண்டப் பெருமாள் கோயிலில் நிறுத்தினார். உள்சுற்றுச் சுவரில் பல்லவர் வரலாறு வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. வாரிசு இல்லாமல் அரசன் இறந்ததும், பெரியவர்கள் போய்ப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கூட்டிவந்து இரண்டாம் நந்திவர்மனாக முடிசூட்டியது அதில் உண்டு. கீழே எழுத்தும் இருக்கிறது. பன்னிரண்டு வயது என்றதும் பிள்ளைகள் சுவரை உற்றுப் பார்த்தார்கள். கைலாசநாதர் கோயிலின் கன்னடக் கல்வெட்டைப் பற்றியும் சொன்னார்: காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய விக்கிரமாதித்தன், கோயிலின் பொருளைக் கொள்ளையடிக்காமல் திருப்பிக் கொடுத்தான். அவன் ராணி லோகமகாதேவி பட்டதக்கல்லில் எழுப்பிய விரூபாட்சர் கோயிலில் காஞ்சியின் சாயல் தெரிகிறது.

இரவு அர்ஜுனன் தபசு. கம்பத்தின் உச்சியிலிருந்து விழுந்த எலுமிச்சம்பழத்தை ஒரு பெண் மடியில் ஏந்தியபோது இரண்டாம் மாடிச் சிறுமி அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். விடியும்வரை ஒரு பிள்ளையும் வீட்டுக்குப் போகலாம் என்று கேட்கவில்லை. மறுவாரம் கீழ்த்தளத்தில் அவர்கள் அட்டையில் கிரீடம் செய்து, போர்வையைத் திரையாகப் பிடித்து ஆடினார்கள். அதைப் பார்த்த இரண்டு பெற்றோர்கள் அடுத்த கூட்டத்தில் கூத்துப் பேச்சை மறுபடியும் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வேகவதி ஆற்றங்கரையில் குடியிருந்தவர்களுக்காகக் கீழ்க்கதிர்ப்பூரில் அரசு அடுக்குமாடி வீடுகளைக் கட்டியது. காஞ்சியில் இனியும் இப்படிக் கட்டடங்கள் எழும். அவற்றில் நெசவாளர்களும் குடியேறுவார்கள். திட்டம் போடுகிறவர்களிடம் அவர் கேட்பது இரண்டுதான். கீழ்த்தளத்தை வீடாக்காமல் பொதுத் தறிக்கூடமாக விடுங்கள். அங்கே மண்தரை இருக்கட்டும், குழி வெட்ட இடம் இருக்கட்டும். கட்டடங்களுக்கு நடுவே ஒரு பாவு நீட்டும் அளவுக்காவது வெற்று நிலம் விடுங்கள்; காலையில் பாவு காயும், மாலையில் பிள்ளைகள் கபடி ஆடுவார்கள், வருடத்துக்கு ஓர் இரவு கூத்து நடக்கும். ஏற்கெனவே அடுக்குமாடியில் குடியிருக்கும் வாசகர்கள் அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பத்திரத்திலும் அந்தப் பிரிபடாத பாகம் இருக்கிறது. பங்குனி பிறப்பதற்குள் கூட்டத்தைக் கூட்டித் தீர்மானம் போடுங்கள். அதற்குப் பிறகு நல்ல கூத்துக் குழுவுக்குத் தேதி கிடைப்பது கஷ்டம்.